கடைசிக் கடைக்குப் போன மாவு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் பணிவான வணக்கம். அக்காவின் உழைப்பைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் அவருடைய பிள்ளைகள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அடுத்துப் பிறந்தவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது, எதையும் ஏன் என்று கேட்காமல் விடாத ஒரு அக்காவைப் பற்றி.

அக்கா பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் பிறந்தார். அப்பா துறைமுகத் தொழிலாளி. சிறு வயதில் ஒருநாள் கோயிலில் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அக்கா மட்டும் தீபாராதனைத் தட்டை எட்டிப் பார்த்து, "சாமி, விறகு எரிஞ்சா சாம்பல் கிடக்கு, சூடம் எரிஞ்சா மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாராம். குருக்கள் அப்பாவைக் கேட்கச் சொன்னார். அப்பா அம்மாவைக் கேட்கச் சொன்னார். அம்மா, "பேசாம வாடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் படிப்பைப் பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டு, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் அக்கா சேர்ந்தார். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். பிறகு திருமணம் ஆனது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய நேரத்தில் அவர் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள். அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். அவர் உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி கொடுத்த இழப்பீட்டில் பெரிய மாவரைக்கும் இயந்திரமும், பின்னால் சரக்கு ஏற்றும் பழைய பிக்கப் வண்டி ஒன்றும் வாங்கினார். மாலையில் அத்தானும் அவருமாக அரைப்பார்கள். விடிவதற்குள் மாவு பொங்கியிருக்கும். மூடி போட்ட பெரிய வாளிகளில் ஏற்றிக்கொண்டு, பட்டர்வொர்த் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடற்பாலம் தாண்டி எதிரே உள்ள தீவுக்குள் வருவார். கடைசிக் கடை டத்தோ கிராமாட் பக்கம் இருந்த ஒரு பெரிய சைவச் சாப்பாட்டுக் கடை. மற்றக் கடைகள் எல்லாம் சேர்ந்து வாங்குவதில் பாதியை அது ஒன்றே வாங்கியது. மூத்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த சமயம் அது. அந்தக் கடையை நம்பித்தான் குடும்பம் ஓடியது.

மாவு பார்ப்பதற்கு லேசு. தூக்கினால்தான் கனம் தெரியும். வாளிகளை ஏற்றியதும் பிக்கப்பின் பின்பக்கம் குந்திக்கொள்ளும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டுவார்கள். "நான் சாதா லைட்லதான் போறேன், ஏன் எல்லாரும் கோவிக்கிறாங்க?" என்று அக்காவுக்குப் புரியவில்லை. ஒருநாள் வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழும் இடத்தை, வாளி ஏற்றும் முன்னும் ஏற்றிய பின்னும் பார்த்தபோதுதான், வெளிச்சம் மேலேறி எதிரே வருகிறவர்கள் கண்ணில் அடிக்கிறது என்று தெரிந்தது. மேடு பள்ளத்தில் அடியில் இடிக்கும் சத்தமும் கூடிக்கொண்டே வந்தது.

புக்கிட் தெங்காவில் லாரிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் மணியம் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனார். பின்சக்கரத்துக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன என்று அவர் காட்டினார். பழைய தகடுகள் வளைவு விட்டு நிமிர்ந்து போயிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, தடித்த தகடுகளாகப் போட்டுக் கொடுத்தார். வண்டி நிமிர்ந்து நின்றது. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே டத்தோ கிராமாட் கடை முதலாளி கூப்பிட்டார். "அக்கா, இட்லி தட்டையா வருதுலா. கஸ்டமர் சப்பாத்தி மாதிரி இருக்குங்கிறாங்க."

அத்தான் புது உளுந்தைச் சந்தேகப்பட்டார். நான் தண்ணீர் கூடியிருக்கும் என்றேன். அக்கா மற்றக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து கேட்டார். பட்டர்வொர்த்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. "ஒரே மாவு, ஒரே வண்டி. கடைசிக் கடைக்கு மட்டும் ஏன் செத்துப் போகுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த முதலாளி வேறொருவரிடம் மாவு வாங்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் ஒரே அரைப்பில் எடுத்த மாவில் ஒரு வாளியை வீட்டில் வைத்தார், இன்னொன்றை மட்டும் பிக்கப்பில் ஏற்றி ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். வீட்டு மாவு பொங்கி நின்றது. சுற்றி வந்த மாவு அமுங்கிக் கிடந்தது. உடனே எனக்குப் போன் வந்தது. பக்கத்துத் திடலுக்கு என்னை வரச்சொல்லி, சாவியைக் கையில் கொடுத்தார்.

"நீ மெதுவா ஓட்டு. நான் பின்னால மூடியத் திறந்துட்டு வாளியோட உட்காருறேன்."

"அக்கா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"ஓட்டுடி, பாத்துக்கலாம்."

ஒரு சுற்றுத்தான் ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் அக்காவின் தலையெல்லாம் மாவு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "வண்டி குதிரை மாதிரி குதிக்குது. கனம் இருந்தாத்தான் இந்த ஸ்பிரிங் அமுங்கும். பட்டர்வொர்த்துல பாதிக்கு மேல இறக்கிட்டா, மிச்ச மாவுக்கு உதைதான்!" மாவுக்குள் இருந்த காற்றையெல்லாம் பாலத்திலேயே தொலைத்துவிட்டுத்தான் கடைசி வாளிகள் டத்தோ கிராமாட் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மறுபடியும் மணியம் அண்ணனிடம் போனோம். "என்னம்மா, தாங்கணும்னீங்க, தாங்குது. இப்ப குதிக்குதுங்கிறீங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, கனமா இருக்கறப்ப தாங்கணும், லேசா இருக்கறப்ப மெத்துனு போகணும். அப்படி ஒண்ணு இல்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். தடித்த தகடுகளைக் கழற்றி, முதலில் இருந்த கனத்திலேயே புதுத் தகடுகள் போட்டார். அவற்றுக்கு அடியில், வளைவு குறைந்த ஒரு தடித்த தகட்டைச் சற்று இடைவெளி விட்டுப் பொருத்தினார். பாரம் ஏறி மேல்தகடுகள் அமுங்கும்போதுதான் அது அவற்றைத் தொட்டுத் தாங்கும். பாரம் இறங்கினால் ஒதுங்கிவிடும். "கூடுதலா ஏத்தறதுக்கு இல்லம்மா இது. ஏத்தறத ஒழுங்கா தாங்கறதுக்கு" என்று எச்சரித்தார். பட்டறை ஆட்கள் வண்டியில் ஏறியும் இறங்கியும் காட்ட, அக்கா தரையில் குனிந்து அந்த இடைவெளி மூடுவதையும் திறப்பதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லாக் கடைகளுக்கும் போட்டுவிட்டு, ஒரு வாளியோடு டத்தோ கிராமாட் கடைக்கு வந்தார். நானும் உடன் போனேன். முதலாளி கையை விரித்தார். "வேற ஆளுகிட்ட சொல்லிட்டேன் அக்கா."

"வாங்க வேண்டாம் தம்பி. ஒரு ஈடு மட்டும் ஊத்திப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சிக்கணும்."

அடுக்களையில் ஆவி பறக்க மூடியைத் திறந்தபோது இட்லிகள் புசுபுசுவென்று எழும்பியிருந்தன. முதலாளி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார், இன்னொன்றையும் எடுத்தார். "திங்கக்கிழமையிலேருந்து போடுங்கக்கா" என்றார். அக்கா அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. "பாத்தியா, ஸ்பிரிங்தான்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பிள்ளைகள் இருவரும் படித்து வேலைக்குப் போகும்வரை அந்த வண்டி மாவு சுமந்தது. சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் விழுந்த பிறகும் அக்கா மாறவில்லை. இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் குழாயில் போகிறது, எதில் வருகிறது என்று தாதியரை விசாரிப்பார். அவர்களும் சலிக்காமல் விளக்குவார்கள்.

அக்காவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் வேலைகளை எடுத்துப்போட்டுச் செய்த பாகான் டாலாம் அண்டை வீட்டாருக்கும், அன்று கடையை மூடிவிட்டு வந்து நின்ற வாடிக்கையாளர்களுக்கும், மணியம் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு மாலை, மருத்துவமனைச் சன்னலுக்கு வெளியே மைனாக்கள் கூட்டங்கூட்டமாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. "எங்கடி போகுதுங்க இவ்வளவும்?" என்றார் அக்கா. காரியம் முடிந்த பிறகு ஒரு மாலை, அத்தானும் நானும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு அவை போகும் திசையிலேயே போனோம். பட்டர்வொர்த் கடைத்தெரு மரங்களில், தெருவிளக்குகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக் கத்திக்கொண்டிருந்தன. அமைதியான தோப்புகளை எல்லாம் விட்டுவிட்டு, இத்தனை வெளிச்சத்திலும் இரைச்சலிலும் ஏன் வந்து தூங்குகின்றன என்று தெரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.