தேதி சொல்லாத ரெமிஜியஸ்

ரெமிஜியஸுக்கு என்ன வேலை என்று பெங்களூர் நீலசந்திராவில் யாரைக் கேட்டாலும் "ஏதோ கம்ப்யூட்டர்ல" என்பார்கள். அவன் மனைவி சரளாவுக்குத்தான் சரியாகத் தெரியும். "திட்டு வாங்கற வேலை. அதுக்கு மாசச் சம்பளம் வேற" என்பாள்.

பொய்யில்லை. தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில், செல்போன் விளையாட்டு தயாரிக்கிற சின்ன கம்பெனி. அவர்களுடைய ஒரே சரக்கு 'நம்ம டெப்போ'. பஸ் ஓட்டலாம், டிக்கெட் கிழிக்கலாம், மனசு சரியில்லை என்றால் டிவைடரில் ஏற்றலாம். அதை ஆடுகிறவர்கள் செல்போனில் ஒரு குழுவில் கூடிக்கொண்டு தமிழிலும் கன்னடத்திலும் ராப்பகலாகப் பிடுங்கியெடுப்பார்கள். மழை எப்போ வரும்? அத்திபெலே ரூட் எப்போ வரும்? கண்டக்டருக்கு விசில் எப்போ? அத்தனைக்கும் பதில் சொல்கிற ஆள் ரெமிஜியஸ்.

அவன் தொழில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். தேதி சொல்லவே மாட்டான். "வேலை நடந்துகிட்டே இருக்கு குரு" என்பான். கேட்டவன் சமாதானமாகிப் போய்விடுவான். எந்த வேலை, எங்கே நடக்கிறது, யார் செய்கிறார்கள் என்று ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றாது. அப்படி ஒரு வாய்.

ஆனால் பாருங்கள், அவன் பிழைப்பும் அதே லட்சணம்தான். வருஷா வருஷம் கான்ட்ராக்ட். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதலாளி ரகுராம் அவன் தோளில் கை போட்டு, "இந்த வருஷம் உங்களை பர்மனென்ட் பண்றோம் ரெமி, பக்கா" என்பான். பர்மனென்ட் ஆனால் கம்பெனி மெடிக்கல் கார்டு கிடைக்கும். கார்டு கிடைத்தால் சரளாவின் முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணிவிடலாம். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுகிறாள் பாவம். "கார்டு என்ன ஆச்சு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், பழக்க தோஷம், "நடந்துகிட்டே இருக்கு" என்று அவன் வாயில் வந்துவிடும். "என்னையும் உங்க கேம்ல பஸ் ஓட்டறவன்னு நெனச்சுட்டீங்களா?" என்று அவள் ஒரு முறை முறைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரகுராமுக்கு ஞானோதயம் வந்தது. முதலாளிகளுக்கென்று ஹோட்டலில் ஏதோ கூட்டம் போட்டிருக்கிறார்கள். பஃபே சாப்பாட்டோடு வெளிப்படைத்தன்மையையும் ஊட்டி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன், வரப்போகிற மாசங்களில் கம்பெனி என்னென்ன செய்யும் என்பதைத் தேதியோடு படம் போட்டு ஆடுகிறவர்களுக்கே காட்டிவிடலாம் என்றான்.

"வேணாங்க" என்றான் ரெமிஜியஸ். 'சார்' என்றால் ரகுராமுக்குப் பிடிக்காது. பேர் சொல்லிக் கூப்பிட ரெமிஜியஸுக்கு வராது. அதனால் இந்த 'ங்க'வை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். "சொல்லாம செஞ்சா கும்பிடுவாங்க. சொல்லிட்டுச் செய்யலைன்னா நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

"ப்ளேயர்ஸ் நம்ம குடும்பம் ரெமி. குடும்பத்துக்கிட்ட மறைக்கலாமா?"

முதல் படம் வெளியானது. ஜூனில் மழை என்று போட்டிருந்தார்கள். ஜூன் வந்தது. நிஜ பெங்களூரில் கொட்டு கொட்டென்று கொட்டி, நீலசந்திராவில் வீட்டுக்குள்ளே தண்ணீர். விளையாட்டில் ஒரு தூறல் கிடையாது. ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள்: "அண்ணா, இங்க வந்துடுச்சு. அங்க எப்போ?"

செப்டம்பரில் வரவேண்டிய அத்திபெலே ரூட்டும் வரவில்லை. அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற ஞானசேகரன், விளையாட்டு தொடங்கின நாளிலிருந்து ஆடுகிறவர். தன் கடை விளையாட்டில் வரப்போகிறது என்று வந்த லாரி டிரைவர் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். "டெய்லி கேட்டுக் கேட்டுச் சிரிக்கறானுங்க தம்பி. என் மானமே போச்சு" என்று எழுதினார். ரெமிஜியஸுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. தேதி போட்டது ஒருத்தன், ஏச்சு வாங்குவது இன்னொருத்தன்.

ரகுராம் அசரவில்லை. இரண்டாவது படம் போட்டான். அவன் இங்கிலீஷில் எழுதித் தருவதைத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றுவது ரெமிஜியஸ் வேலை. ஒவ்வொரு வரியையும் அவன் ஒரே கண்ணோடுதான் பார்ப்பான்: இதில் எந்த வார்த்தைக்குத் திட்டு விழும்? 'மழை உறுதி' என்பதை 'மழைக்கான பணிகள்' என்று தணித்தான். கீழே ஒரு வரி: 'நவம்பர் முதல் உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் நொடியில் பதில் தரும் தானியங்கி உதவியாளர்'. 'நொடியில்' என்றால் செகண்டு கணக்குப் பார்த்துச் சண்டைக்கு வருவானுங்களே என்று யோசித்து, 'உடனுக்குடன்' என்று மாற்றினான். நல்ல வார்த்தை மாட்டியது என்று ஒரு திருப்தி வேறு. படத்தைக் குழுவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

டீ ஆறுவதற்குள் ஞானசேகரன் கேட்டுவிட்டார். "எல்லாம் சரி தம்பி. நவம்பர்ல அது வந்துட்டா நீ எங்க போவே?"

ரெமிஜியஸ் தான் எழுதின வரியை எடுத்துப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அனைத்துக்கும். உடனுக்குடன். தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அடப்பாவி, நாலு நாள் உட்கார்ந்து மெருகேற்றினாயே, ஒரு தடவை உனக்காகப் படித்துப் பார்த்தாயா?

நேரே ரகுராம் முன்னால் போய் நின்றான். ரகுராம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "தெரியாதா? நீங்கதானே ரெமி ட்ரான்ஸ்லேட் பண்ணீங்க! ஒண்ணும் சொல்லலையா, சரி, பக்குவமா எடுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க."

"நான் எதையாவது மறைச்சேனா? ஊருக்கே படம் போட்டுக் காட்டினேன்!"

இதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? ஆடுகிறவர்கள் குடும்பம், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன் யாரோ. கோபம் கோபமாக வந்தது, திரும்பி வந்து தன் மேஜையில் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்கு வீட்டில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தேதியோடு விஷயத்தைச் சொன்னான். சரளா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "மழை வந்துச்சா?"

"இல்லை."

"ரூட்டு வந்துச்சா?"

"இல்லை."

"இது மட்டும் வந்து கிழிச்சுடுமாக்கும். போய்ச் சாப்பிடுங்க."

அட, ஆமாம்! ரெமிஜியஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று முதல் அவன் தாமதத்தின் கட்சி. வியாழக்கிழமை விவேக்நகர் கோயிலில், விசா சீக்கிரம் வரணும், வரன் சீக்கிரம் அமையணும் என்று ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இவன் ஒருத்தன் மட்டும், "குழந்தை இயேசுவே, லேட்டாகட்டும்" என்று மண்டியிட்டான். சாமிக்கே புதுசாக இருந்திருக்கும். அந்த உதவியாளரைச் செய்துகொண்டிருந்த மஞ்சுநாத்துக்குக் கீழே பேக்கரியிலிருந்து பஃப்ஸ் வாங்கிப் போய்க் கொடுத்து, கிரிக்கெட் பேசிப் பேசி அவன் நேரத்தைத் தின்றான். மஞ்சுநாத் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டான், வாயில் பஃப்ஸோடு டைப்பும் அடித்தான். அக்டோபர் முடியும்போது மழைக்கான பணிகள் பணிகளாகவே இருந்தன. விசில் வராத கண்டக்டர் இன்னும் கையைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தான்.

நவம்பர் முதல் தேதி காலையில் அது வந்தது.

இரண்டு படங்களிலும் சொன்னவற்றில், சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். குழு முழுக்க ஒரே கைதட்டலும் இதயமும். ஞானசேகரனே எழுதினார்: "முதல் தடவையா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. சபாஷ்! இனி நீங்க எந்தத் தேதி சொன்னாலும் நம்புவேன்." மனுஷன் நல்லவர்தான். சந்தோஷத்தில், தான் கேட்ட கேள்வி அவருக்கு மறந்துபோய்விட்டது.

ரகுராம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "பாத்தீங்களா ரெமி, வெளிப்படையா இருந்தா எவ்வளவு மரியாதை! கம்பெனி சார்பா ஒரு நன்றி போட்டுடுங்க. உதவியாளருக்கு இன்னும் நன்றி சொல்லக் கத்துக்கொடுக்கலை."

ரெமிஜியஸ் தமிழில் ஒரு நன்றி எழுதினான், கன்னடத்தில் ஒன்று. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினான். பிறகு படிக்கட்டில் வந்து நின்று சரளாவுக்குப் போன் போட்டான்.

"வந்துடுச்சு சரளா."

"தேதி தவறாமலா?" என்றாள்.

"தேதி தவறாம."