ஒலி போன நாலு நிமிடம்

முப்பது வருடம் லிஃப்ட் கிணறுகளுக்குள் ஏறி இறங்கிய மனிதர், கடைசியில் விழுந்தது தன் வீட்டுச் சமையலறையில். மின்விசிறியில் படிந்த பிசுக்கைத் துடைக்க முக்காலியில் ஏறினார். முக்காலிக்கு மூன்று கால். இவர் சாய்ந்ததோ இல்லாத நாலாவது கால் பக்கம். வலது தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு விட்டுப்போனது.

எலும்பு சேர்வதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், அசையாமல் கிடந்தால் போதும். தோள் அப்படியல்ல. ஆறு வாரம் கட்டிப்போட்டால் துருப்பிடித்த தாழ்ப்பாள்போல் இறுகிவிடும். கட்டைப் பிரித்த அன்று அவர் கை தோள் மட்டம்வரை வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

லிஃப்ட் மெக்கானிக்கின் வேலையில் பாதி தலைக்கு மேலேதான் இருக்கிறது. கூண்டின் கூரையில் நின்று, கையைத் தூக்கித்தான் எதையும் முடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் கை மேலே போகாவிட்டால் புகார் மேசைக்கு மாற்றிவிடலாம், அங்கே உட்கார்ந்த வேலைதான் என்றார். புகார் மேசை என்றால், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதை நாள் முழுக்கக் காதில் வாங்கிக் கணினியில் தட்டுவது. மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆறு வாரம் பிசியோதெரபி செய்து பார்ப்போம், அசையவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து நாங்களே தூக்கிவிடுகிறோம் என்றார். மயக்க மருந்துக்குக்கூட அவர் அஞ்சவில்லை. அந்த மேசைதான் கனவில் வந்தது.

வேலையிடத்திலும் அவருக்குப் பெயர் 'தகரம்'தான். அடையாள அட்டையில் இருப்பது வேறு பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எட்டு வயதில் எண்ணெய் டின்னை வெட்டி வலக்கையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்ததால் வந்த பெயர் அது. டின்னின் விளிம்பு மணிக்கட்டைக் கிழித்து மூன்று தையல் போட்டதும் அதே நாளில்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். அவருடைய சித்தப்பா கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். தேய்ந்துபோய் வாடகைக்கு விட முடியாத கேசட்டுகள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேரும். அப்படி வந்ததில் ஒன்று அந்த வெளிநாட்டுப் படம். சந்திரனில் சுரங்கம் தோண்டுகிற ஒருவன். கொள்ளைக்காரர்கள் அவன் கையை வெட்டிவிடுகிறார்கள். இரும்புக் கை பொருத்திக்கொண்டு திரும்பி வருபவன், கண்ணில் பட்டதையெல்லாம் வெடிக்க வைக்கிறான். முப்பது தடவையாவது பார்த்திருப்பார்.

படம் பேசிய மொழி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டவள் நாலு வயது மூத்த அக்கா மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி அர்த்தம் சொல்வாள். இரும்புக் கையைப் பொருத்துகிற கட்டத்தில் கேசட் நைந்துபோயிருந்தது. திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும், ஒலி அறவே இருக்காது. நாலு நிமிடம் அப்படியே போகும். அந்த நாலு நிமிடத்துக்கும் அக்காதான் குரல்.

"அவன் வாயே திறக்கலைடா. கத்தினா கையில இருக்கிற பவர் இறங்கிடும். அதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கான்."

எட்டு வயதில் காதில் விழுவது எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் மூன்று தையல் போட்டபோது பையன் மூச்சுவிடவில்லை. வைத்தியர் முதுகில் தட்டிப் பாராட்டினார். வினை அங்கேதான் முளைத்தது. பிறகு பல் பிடுங்கியபோதும் பேச்சில்லை, காலில் ஆணி ஏறியபோதும் பேச்சில்லை. சிறுநீரகக் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பது மாடிக் கட்டடத்தில் கயிறு மாற்றி முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் போலீஸ்காரர்களே அழுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வாரத்துக்கு மூன்று நாள், காலை பத்து மணிக்கு, பிசியோ பெண் வந்தாள். சின்ன உருவம், கெட்டியான பிடி. கோணமானியை அவர் தோளில் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்வாள். கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: பூஜ்யத்திலிருந்து பத்துவரை, வலி எத்தனை?

"ரெண்டு," என்பார் தகரம்.

ரெண்டு என்றால் அவள் ரெண்டுக்கு உரியபடி தூக்குவாள். அது ஒன்பது என்பது தோளுக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரரே காட்டிக்கொடுத்தபின் தோள் வேறென்ன செய்யும்? தசையை இறுக்கிக் கதவைச் சாத்திக்கொண்டது. பன்னிரண்டு தடவை வந்து போன பிறகும் கோணம் தொண்ணூற்றிரண்டு. அடுத்து தொண்ணூறு. அதற்கடுத்து மறுபடியும் தொண்ணூற்றிரண்டு.

"ரெண்டுன்னு சொல்றீங்க சார். சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"புழுக்கம்மா."

மின்விசிறி அவர் தலைக்கு நேர்மேலே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிசியோ பெண் அதை நிமிர்ந்து பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு நோட்டில் எதையோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள் என்று அன்று முழுக்க அவருக்கு உறுத்தலாக இருந்தது.

மருத்துவரிடம் காட்ட இன்னும் பதினொரு நாள் இருந்தபோது, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அந்தப் படத்தை எங்கோ தேடிப்பிடித்து அனுப்பினாள். கறை நீக்கி, ஒலி திருத்தி, தமிழில் எழுத்து ஓடும் புதுப் பிரதி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வலது கைக்கு அடியில் இரண்டு தலையணை வைத்தாயிற்று. நாற்பத்துமூன்று வருடம் கழித்துப் பழைய சிநேகிதனைப் பார்க்கப் போகிறவர்போல, தகரம் தலையைக்கூட வாரிக்கொண்டிருந்தார்.

சிநேகிதனை வயது அவ்வளவு நன்றாக நடத்தியிருக்கவில்லை. சந்திரனின் பாறை ஒன்று, கதாநாயகன் சாய்ந்ததும் மெத்தைபோல் உள்ளே அமுங்கியது. விண்கலம் பறக்கும்போது கயிறு தெரிந்தது. கதை நடக்கும் எதிர்கால வருடம் எப்போதோ வந்துபோய்விட்டிருந்தது. அந்த வருடத்தில் இவர்கள் மகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகையைக் கண்டதும் தகரம் படத்தை நிறுத்தினார். அது சாதாரண லிஃப்டின் பித்தான் பலகை, கதவு மூடும் குறிகூட அழியவில்லை என்று திரைக்கு அருகில் போய்க் காட்டினார். மனைவி சரி என்றாள்.

கால்மணி நேரத்தில் மறுபடியும் நிறுத்தினார். கயிறு அறுந்து பாய்ந்து வரும் லிஃப்டை இரும்புக் கையன் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடிக்கிறான். சிறுவயதில் அவரை இந்தத் தொழிலுக்கே இழுத்துவந்த காட்சி அது. இப்போது பார்த்தால் உடம்பு கூசியது. ஒரு கயிறு அறுந்தால் மற்ற கயிறுகள் தாங்கும், அத்தனையும் போனாலும் வேகம் கூடியதும் கூண்டின் அடியிலுள்ள கட்டைகள் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், இவன் குறுக்கே புகுந்து கையை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று விரிவாக விளக்கினார்.

"அவனுக்குத் தெரியாதுல்ல," என்றாள் மனைவி. "ஓட்டுங்க."

பிறகு அந்தக் கட்டம் வந்தது. தகரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோடு இல்லாமல், பளிச்சென்று, கதாநாயகன் மேசையில் படுத்திருக்கிறான். கதாநாயகி திருப்புளியோடு வருகிறாள். முதல் திருகாணியைத் தோளில் முடுக்குகிறாள்.

கதாநாயகன் போட்ட கூச்சலில் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க வேண்டியதாயிற்று. முதலில் ஐயோ என்றான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். தண்ணீர் கேட்டான். விட்டுவிடு என்றான், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான், மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டான். எழுத்துப் போட்டவருக்கே ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது போலும். 'தொடர்ந்து அலறுகிறான்' என்று ஒரே வரியைப் போட்டு அப்படியே நிறுத்திவைத்துவிட்டார். முழுசாக நாலு நிமிடம்.

தகரம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி திரையைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஓரம் துடித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டாள். முப்பது வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவளுக்கு எப்போது சிரிக்கக்கூடாது என்று தெரியும்.

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தார். அவள் இப்போது இரண்டு பேரன்களுக்குப் பாட்டி. ஏதோ ரேஷன் அட்டைத் தகராறைக் கேட்பதுபோல் முறையாக, தேதி கிழமையோடு விசாரித்தார்: அந்தக் காட்சியில் அவன் கத்தவில்லை என்று எதை வைத்துச் சொன்னாய்?

அக்காவுக்கு நினைவுபடுத்திக்கொள்ளவே சற்று நேரம் பிடித்தது.

"அதுல சத்தமே வராதேடா. எனக்கென்ன தெரியும்?"

"பாஷை தெரியும்னு சொன்னியேக்கா."

"ஏபிசிடி தெரியும்."

"கத்தினா பவர் இறங்கிடும்னு சொன்னியே."

"நீ அந்த இடம் வந்தாலே ஓன்னு அழுவே. அழுதா அம்மா வந்து டிவியை அணைச்சிடுவாங்க. எனக்குக் கடைசி சண்டை பாக்கணும்." உடனே அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏன், இப்ப என்னத்துக்குக் கேக்குறே?"

சும்மாதான் என்று வைத்துவிட்டார். அன்று மாலைவரை பல், ஆணி, சிறுநீரகக் கல் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தார். அத்தனையையும் வாய்மூடிப் பொறுத்தது, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கடைசிச் சண்டை பார்ப்பதற்காக. கோபப்படலாமா என்று யோசித்தார். கோபம் வரவில்லை. தோள்தான் வலித்தது.

மறுநாள் பத்து மணிக்குப் பிசியோ பெண் கையைத் தூக்கினாள். வழக்கமான இடம் வந்ததும் வழக்கமான கேள்வி. தகரம் வாயைத் திறந்தார். எண் வெளியே வருவதற்கு முன்னால் வேறொரு சத்தம் வந்துவிட்டது. இத்தனை வருடமும் எங்கே ஒதுங்கியிருந்ததோ, மாடுபோல ஒரு கத்தல். பிசியோ பெண் சட்டென்று கையை இறக்கினாள். எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"ஒன்பது," என்றார் தகரம்.

"இன்னைக்கா சார், முதல்லேருந்தேவா?"

"முதல்லேருந்தே."

அவள் அவரைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் நாலு பக்கத்தைக் குறுக்கே கோடுபோட்டு அடித்தாள். அவருக்கு அதைப் பார்ப்பது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் புதுக் கணக்கு. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அவள் வருவதற்கு அரைமணி முன்னால் ஒரு மாத்திரை. கால்மணி நேரம் சூடான ஒத்தடம். நாலு என்று அவர் சொன்னதும் அவள் நிறுத்திவிடுவாள், தோள் தளரும்வரை காத்திருப்பாள், பிறகு இன்னும் விரல்கடை தூரம். பொய் சொன்ன நாட்களில் பலத்தால் முடியாதது இதில் நடந்தது. தொண்ணூற்றெட்டு. நூற்று நாலு. நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டில்தான் தொல்லை. ஒரு தடவை வாய் திறந்த மனிதருக்கு மூடத் தெரியவில்லை. சட்டை மாட்டும்போது மூன்று, தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது ஒன்றரை என்று அறிக்கை வாசித்துக்கொண்டே இருந்தார். இடது முழங்காலும் பல வருடமாக ஐந்துதான் என்று ஒருநாள் தெரிவித்தார். மனைவி கேட்டுக்கொண்டாள். முழங்காலுக்கும் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வைத்தாள்.

பதினோராம் நாள் மருத்துவர் அளந்தபோது நூற்றிருபது. மயக்க மருந்து வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். மேற்பார்வையாளர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்: இப்போதைக்கு மொட்டைமாடி மோட்டார் அறை வேலை மட்டும், கூண்டின் கூரைமேல் ஏறுவது கை முழுசாக வந்தபிறகு. புகார் மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் நாள் சரிபார்ப்புக்கு மேற்பார்வையாளரும் கூட வந்தார். மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, கம்பிகளை இறுக்கி, எண்ணெய் விட்டு, பதினொரு மணிக்குள் தகரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். சுவரில் உயரத்தில் ஒரே ஒரு பெட்டி மிச்சம். அதன் மேல்மூடிக்கு இரண்டு திருகாணி. திருப்புளியோடு கையைத் தூக்கியவர் பாதியில் இறக்கிக்கொண்டார்.

"அது மட்டும் நீங்க போடுங்க சார். அங்க போனா ஆறு வலிக்குது."

மேற்பார்வையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திருப்புளியைத் தொட்டு எட்டு வருடமான மனிதர். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். அது கீழே வண்டியில் இருந்தது. ஏணியில் இரண்டு படி ஏறி, திருகாணியின் தலையைக் கண்ணைச் சுருக்கித் தேட ஆரம்பித்தார். தகரம் இடக்கையால் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று வழிசொன்னார்.