ஒப்துலியாவின் பால்கனிக்குக் கீழே

என் வீட்டுக்காரர் எலாதியோவுக்கு ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று மட்டும் எங்கள் ஊர் ஆர்கோஸ் முழுக்க அவர் குரல்தான். மாதா சப்பரத்தை நடத்தியவர் அவர். சப்பரத்துக்கு அடியில், திரைக்குள் நின்று சுமக்கிறவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னால் நடப்பவர் சொல்லச் சொல்லத்தான் அடியெடுத்து வைப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் தெரு வளைவில், சப்பரத்தின் விதானம் அங்கே குடியிருக்கும் ஒப்துலியாவின் பால்கனியில் இடித்துவிட்டது. கம்பி பிய்ந்து தொங்கியது. யாருக்கும் அடியில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவராகவே பொறுப்பைத் தனக்கு உதவியாக இருந்த நிக்காசியோவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். போன வருடம் ஊரே தெருவில் நிற்க, இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார். நானும் இருட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் ஒரு பக்கம். இந்த வருடமும் இப்படியே போனால் மனிதர் இனி தலை நிமிரவே மாட்டார் என்கிற பயம் ஒரு பக்கம்.

இந்த வியாழன் காலையில் நான் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரே கூச்சல். போன் காட்டிய வழியை நம்பி ஒரு கேரவன் மேலே ஏறி வந்து மாட்டிக்கொண்டிருந்தது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் என்று ஒரு முழு வீடு. மூக்கு இரண்டு சுவருக்கு நடுவே சிக்கி நிற்க, பின்பக்கம் எங்கள் வாசலில் இருந்தது. இந்த வண்டிகளுக்கென்றே கீழே ஆற்றோரம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வடக்கே இருந்து வருகிறவர்கள் பலகையையெல்லாம் படிப்பார்களா என்ன? ஓட்டியவள் பில்பாவோக்காரி, பெயர் மிரென். சாயங்காலம் சப்பரம் வரவேண்டிய வழி இது ஒன்றுதான்.

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி மாட்டினால் ஆளுக்கொரு மூலையில் நின்று வழி சொல்வார்கள். இடதுக்கு ஒரு குரல், வலதுக்கு மூன்று குரல். போதாததற்கு மிரெனின் புருஷன் வேறு இறங்கி நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அதற்கு மேல் எலாதியோவால் பொறுக்க முடியவில்லை. வீட்டுச் செருப்போடு வெளியே வந்துவிட்டார்.

"இத்தனை வாய் எதுக்கு? ஒரு வாய் போதும்."

தெரு அடங்கியது. புருஷனை என் அடுப்படிக்கு அனுப்பினார். நான் அவன் வாயில் ஒரு ரொட்டியைத் திணித்து உட்காரவைத்தேன்.

"மிரென், சைடு கண்ணாடி ரெண்டையும் மடக்கிடும்மா. நீ ஒண்ணும் பாக்க வேணாம். நான் பாத்துக்கறேன். நீ காதக் குடுத்தா போதும்."

சப்பரத்தைத் தூக்குவதற்கு முன் தட்டுவதுபோல வண்டியின் முதுகில் மூன்று தட்டு தட்டினார். வண்டி பின்னால் நகர்ந்தது. அவர் சொல்லச் சொல்ல, பூந்தொட்டிகளைத் தாண்டி, படிக்கட்டை உரசாமல் இறங்கியது. வளைவு வந்ததும் நில் என்றார். தலைக்கு மேலே ஒப்துலியாவின் பால்கனி. அதன் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. மிரென் காத்திருந்தாள்.

ஒப்துலியா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எலாதியோ, நாக்கு உள்ள போயிடுச்சா? இடிச்சா இடிக்கட்டும். இரும்புதானே, ஒட்டவச்சுக்கலாம். நீ ரெண்டு வருஷமா இதுக்குக் கீழ தலையக் குனிஞ்சுக்கிட்டே போறியே, அதத்தான்யா என்னால பாக்க முடியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடது, மிரென். இன்னும் கொஞ்சம். பயப்படாத, மெதுவா வா."

கேரவனின் கூரை பால்கனிக்கு அடியில் நுழைந்து, எதையும் தொடாமல் வெளியே வந்தது. ஆற்றோரம்வரை அவரே கூடப் போய் நிறுத்தவைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஜன்னலை அவரே திறந்தார். மிரெனும் புருஷனும் நடந்தே மேலேறி வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். சப்பரம் வந்தது. எங்கள் வீட்டுக்கு நேராக அதை இறக்கச் சொன்ன நிக்காசியோ, அதன் முகப்பில் பொருத்தியிருந்த வெண்கலச் சுத்தியலைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். சுத்தியலைத் தட்டுகிறவர் அந்த முறை தூக்குவதை யாருக்காவது காணிக்கையாக்கலாம். பெரும்பாலும் செத்தவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

எலாதியோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். திரைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"பசங்களா, இது உயிரோட இருக்கற ஒருத்திக்கு. போன வருஷம் என்னோட இருட்டுல உக்காந்திருந்தாளே, எங்க லெயோகாதியா, அவளுக்கு."

நான்தான் அந்த லெயோகாதியா. ஊர் முன்னால் அழுதேன், எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

மூன்று தட்டு. சப்பரம் ஒரே மூச்சில் எழுந்தது. வளைவுக்கு வழி சொல்லச் சொல்லி நிக்காசியோ கண்ணைக் காட்டினான். இவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். இத்தனை வருடத்தில் மாதா எங்கள் வீட்டைக் கடந்து போவதை நாங்கள் சேர்ந்து நின்று பார்த்தது அன்றுதான்.