சல்லடை தொங்கிய இடத்தில் தூளி

அந்தக் காலத்தில் தீவில் வாழ்ந்த பெண்கள், வேலை செய்யும்போது கைக்குழந்தையை எங்கே விட்டிருப்பார்கள்? பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவில், பழங்காலச் சிப்பி மேடு ஒன்றைத் தோண்டும் அகழாய்வில் ஒரு பருவம் முழுக்க வேலை செய்தேன். அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் கிடைத்தன. பானை ஓடுகள், அடுப்புக் கரி, மீன் முள் எல்லாம் கிடைத்தன. இந்தக் கேள்விக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. துணியும் கூடையும் இந்த ஈர மண்ணில் மிஞ்சாது.

என் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. கும்மிடிப்பூண்டியில் வாடகை வீடு. கணவருக்கு இரும்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை. அவருக்குப் பகல் ஷிஃப்ட் வரும் வாரங்களில் அவளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, படகு ஏறிப் போவேன். படகில் அவள் தலையைத் துண்டால் மூடுவேன். வியர்க்குமோ என்று எடுப்பேன். காற்று பட்டால் சளி பிடிக்குமோ என்று மறுபடி மூடுவேன். தீவில் இறங்குவதற்குள்ளேயே களைத்துவிடுவேன்.

மேட்டில் ஒரு மரம்கூடக் கிடையாது. தார்ப்பாய் நிழலில் மூன்று மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, அதில் சல்லடையைத் தொங்கவிட்டிருந்தோம். குழியிலிருந்து வரும் ஒவ்வொரு கூடை மண்ணும் அதில் சலித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மகள் அழுகையை நிறுத்தவே இல்லை. குழி வேலைக்கு வந்திருந்த உள்ளூர் அக்கா ஒருவர், சல்லடையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மூங்கிலில் ஒரு பழைய புடவையைத் தூளியாகக் கட்டினார். ஆட்டத் தொடங்கியதுமே தூங்கிவிட்டாள். நான் குழியின் மறுபக்கம் போய், குழிச் சுவரில் தெரியும் மண் அடுக்குகளைப் படம் வரைய உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நெருங்கும்போது, குழிக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். தூளி ஆடிக்கொண்டிருந்தது. சல்லடை தரையில் கிடந்தது. அடுப்பு இருந்த அடுக்கின் மண், ஏற்கெனவே சலித்துப் போட்ட குவியலின் மேல் அப்படியே கொட்டப்பட்டிருந்தது.

"யார் கொட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்," என்றார் அக்கா. "பாப்பா நல்லா அசந்து தூங்குது. சல்லடைய மாட்டணும்னா தூளிய அவுக்கணும். மண்ணு எங்க ஓடிடப் போவுது, அப்பறமா சலிச்சிக்கலாம்னு கொட்டிக்கினு இருந்தோம்."

"எது எந்த அடுக்கு மண்ணுன்னு இனிமே எப்படிம்மா தெரியும்?"

"இன்னா சார் நீ! இத்தினி வருசம் காத்துக்கினு இருந்த மண்ணு, புள்ள எழுந்துக்கற வரைக்கும் காத்துக்காதா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "மேடம், இது பால்வாடி இல்ல."

மறுநாள் குவியல் முழுவதையும் சலித்தோம். பொடி மீன் எலும்புகள் நிறையக் கிடைத்தன. எந்தக் காலத்து அடுக்கில் இருந்தவை என்று தெரியாததால், அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அக்காவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு அதே அதிகாரி கூப்பிட்டிருக்கிறார். "வேலை தெரிஞ்சவங்க நீங்க, வாங்க. குழந்தை இல்லாம வாங்க." இந்த வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். ஆர்.கே.பேட்டையில் இருக்கும் மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மாடுகளை விட்டுவிட்டு அவரால் இங்கே வர முடியாது. மகளைத்தான் அங்கே விட வேண்டும்.

"எங்கம்மா என்னிய வளக்கலியா? ரெண்டு மாசம்தான, கண்ண மூடிக்கினு போ," என்கிறார் கணவர்.

அவள் இன்னும் பால் மறக்கவில்லை. போனாலும் தப்பு, விட்டாலும் தப்பு என்றே தோன்றுகிறது. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. பால் மறக்காத குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் உங்களில் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். திரும்பி வந்து கை நீட்டியபோது குழந்தை உங்களிடம் வந்ததா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.