மூணு செகண்டு

லிஃப்ட்டின் பொத்தானை அழுத்திவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உதட்டுக்குள் எண்ணுகிறார். காபி இயந்திரத்துக்கும் அதே மூன்று. அலுவலகத்தில் அவரை 'மூணு செகண்டு' என்றே கூப்பிடுகிறார்கள். வேறு பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்டு.

ஒரு கண் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் அவர் கைவேலை. டாக்டரைப் பார்க்க நேரம் பிடிக்கும் பட்டியல் திங்கள் காலை பத்துக்குத் திறக்கும். அது பக்கத்தோடு சேர்ந்து வராது; பின்னால், தன் சௌகரியம்போல் வந்து சேரும். வந்ததும் அதிலுள்ள பச்சைப் பொத்தான்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும். "வந்ததும் என்னைக் கூப்பிடு" என்று பட்டியலைக் கொண்டுவரும் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கால்பேக் என்பார்கள். ஆனால் அந்த புரோகிராம் வேறு பிரிவின் சொத்து. இவர் கொடுத்த விண்ணப்பம் பதினான்கு மாதமாகப் பரிசீலனையில் சௌக்கியமாக இருக்கிறது. அதுவரை ஒப்பேற்ற, பக்கம் திறந்து மூன்று வினாடி கழித்து உயிர் கொடுக்கும்படி எழுதிவைத்தார். அதற்குள் வந்த பொத்தான் பிழைத்தது. பிந்தி வந்தது, பளிச்சென்ற பச்சையில் பிணமாகக் கிடக்கும்.

விண்ணப்பத்தை நினைவூட்டியதற்கு, மேலாளர் தன் புதுப் போனைத் தட்டிக் காட்டினார். "எனக்கு ஜம்முனு வேலை செய்யுதே. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

இவருக்கு வந்தது அக்காவின் போன். அக்காவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் இந்த மாதத்தைத் தாண்டாது என்கிறார்கள். நோயாளியின் சொந்தப் போனிலிருந்துதான் பதிய முடியும். அந்தக் கட்டுப்பாட்டை எழுதியதும் தம்பிதான். அக்காவின் கைப்போனோ அரதப் பழசு; மூன்று வினாடிக்குள் அதில் பட்டியல் வந்து சேராது. இரண்டு திங்கட்கிழமையாகத் தட்டியதில் நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

"பட்டன் செத்துக் கெடக்குடா தம்பி. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ."

"நெட் சரியில்லக்கா" என்றார் புண்ணியவான்.

ஞாயிறு மாலை மூன்றை அழித்துப் பத்து என்று போட்டார். பத்து எண்ணிவிட்டு அமுக்கும்படி அக்காவிடம் சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை ஊரே முட்டி மோதியதில், பட்டியல் அக்காவுக்குப் பன்னிரண்டாவது வினாடியில் வந்தது.

"பத்து எண்ணினேன்டா. இருபதும் எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் அக்கா. "இந்தத் தடவை அது பச்சையான்னே தெரியல."

போனை வைத்துவிட்டு லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தி எண்ணத் தொடங்கினார். நாலில் கதவு திறந்தது. உள்ளே நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆறில் கதவு மூடிக்கொண்டது. "ஏழு" என்றார்.