பேஸ் இல்லாத பெட்டி

எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு. கூடத்தில் ஸ்பீக்கர் வைக்க ஒரே ஒரு சுவர்தான் இருக்கிறது. மற்றச் சுவர்களைக் கதவும் ஜன்னலும் தின்றுவிட்டன. அந்த ஒரு சுவருக்கு மறுபக்கம் என் கணவரின் கட்டில்.

அவருக்கு முள்ளந்தண்டில் சண்டைக் காலத்து ஷெல் துண்டு கிடக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டுக்குள் சக்கர நாற்காலியில்தான் திரிவார். என்னிடம் எதையும் கேட்காத மனிதர். ஒரு நாள், "போனிலை பாட்டுக் கேட்டால் நுளம்பு பாடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அதை வெளிநாட்டிலிருக்கும் என் தம்பியிடம் சொன்னேன்.

தம்பி இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை அனுப்பினான். சுவரோடு தள்ளி வைத்துப் போட்டோம். பாடுகிறவளின் குரலைக் காணவில்லை. கும் கும் என்று பேஸ் இடிதான் கேட்டது. பெட்டியின் பின்பக்கத்தில் பெரிய ஓட்டை. அதால் வரும் காற்று நேரே சுவரில் மோதுகிறது.

"மூண்டடி தள்ளி வையுங்கோ அக்கா" என்றான் தம்பி, வீடியோவில்.

"மூண்டடி தள்ளினால் உன்ரை அத்தான்ரை கதிரையைக் கூரையாலையோ உருட்டுறது?"

அவன் வீட்டு நிலக்கீழ் அறையே எங்கள் முழு வீட்டைவிடப் பெரிது. அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது. ஓட்டைக்குள் பழைய சாரத் துணியைச் சுருட்டி அடைத்தேன். கூடத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. சுவரின் அதிர்வு அடங்கவில்லை.

ஒரு மத்தியானம் பாட்டைப் போட்டுவிட்டுக் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடிப்போனால், நிலத்தில் குப்புறக் கிடக்கிறார். நெற்றி வெடித்து இரத்தம்.

"கிட்ட விழுது. ஏன் நிக்கிறாய்? படு!" என்று என்மேல் கத்தினார். நான் படுத்தேன். வேறென்ன செய்வது.

பங்கருக்குள் இருந்த காலத்தில் மண்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். ஷெல் விழுவது தூரமா கிட்டவா என்று கை சொல்லும். நித்திரையில் அவருடைய கை கட்டிலோரச் சுவரில் பட்டிருக்கிறது. நிலத்தில் விழுந்து படுக்கப் பார்த்திருக்கிறார். கால்கள் அவரோடு வரவில்லை.

அடுத்த நாள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரன் லைட் மின்னும் பெட்டியைக் காட்டினான்.

"இந்த பேஸ் நெஞ்சிலை அடிக்கும் அக்கா."

"நெஞ்சிலை அடிச்சது எங்களுக்குப் போதும். ஓட்டை முன்னாலையோ பின்னாலையோ?"

"ஓட்டை பார்த்து வாங்குற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"வடிவாப் பாரும். ஓட்டையே இல்லாதது இருக்கோ?"

தட்டின் மேலிருந்து தூசி தட்டி ஒரு சோடி சின்னப் பெட்டிகளை இறக்கினான். ஒருவரும் வாங்காத சாமான். எல்லாப் பக்கமும் அடைத்தது. "பேஸ் இல்லை. பிறகு திருப்பிக் கொண்டு வரக்கூடாது" என்றான்.

சுவரோடு ஒட்டி வைத்துப் போடச் சொன்னேன். பிறகு பக்கத்துச் சலூனுக்குள் போய், அந்தப் பக்கத்திலிருந்து அதே சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தவர் விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்க்கட்டும். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வாங்கினேன்.

வீட்டில் சின்ன மேசையில் வைத்து, அதிர்வு இறங்காமல் அடியில் சைக்கிள் டியூப் துண்டு கொடுத்தேன். அவர் ஒரு பாட்டு முழுவதும் கேட்டார்.

"குரல் நல்லாக் கேக்குது. தபேலா எங்கை?"

"தபேலா இல்லை."

"தபேலா இல்லாமல் என்ன பாட்டு? பழசைத் திருப்பி வை."

"வைக்க மாட்டன்."

"விழுந்தால் நான்தானே விழுறன்."

"தூக்குறது ஆர்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடவும் இல்லை.

பெரிய பெட்டிகளை அடுத்த கிழமையே விற்றேன். அவரிடம் கேட்கவில்லை. இப்போதும் பின்னேரத்தில் பாட்டுப் போடச் சொல்வார். பாதிப் பாட்டுத்தான் வருகிறது என்று ஏசிக்கொண்டே கேட்பார். அவர் சொல்வது சரி. பாதிதான் வருகிறது. அவரை அதன்பிறகு நான் நிலத்திலிருந்து தூக்கவில்லை.