பதினோரு மணி வரி

பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை என்றால் சும்மா இல்லை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார் மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கு மனைவியின் நேரக்கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை.

முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அந்தம்மா. புருஷனுக்கும் அவர் 'டீச்சர்'தான். பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. மூன்று வேளை மாத்திரை. காலை ஏழு மணிக்குப் போட்டால் விறுவிறுவென்று நடமாடுவார். பதினோரு மணி நெருங்கினால் போதும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் யாரோ கதவைத் தட்ட, திறக்கப் போனவர் பாதி வழியில் நகர முடியாமல் நின்று, சரிந்து விழுந்து, ஒரு மணிக்கு டைம்கீப்பர் சாப்பிட வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அன்று டைம்கீப்பருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றார்.

"எனக்காக நீங்க வீட்ல அடைஞ்சு கிடந்தா, நான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துடுவேன்" என்று சீறினார் டீச்சர்.

டாக்டரிடம் போனாலோ கூத்து! அங்கே டீச்சர் மிடுக்காக நடந்து காட்டுவார், விரல்களைச் சொடுக்கிக் காட்டுவார். "மாத்திரை நல்லா வேலை செய்யுதே, இப்படியே தொடருங்க" என்பார் டாக்டர். இரண்டு தடவை இப்படியே ஆயிற்று. பதினோரு மணிக் கதையை டைம்கீப்பர் எவ்வளவோ சொல்லியும், ஏதோ புளுகுகிறார் என்றுதான் அந்த டாக்டரம்மா நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குட்டு உடைந்தது. டீச்சர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, மதியம் போட வேண்டிய மாத்திரையை முன்கூட்டியே வாயில் போட்டு விழுங்கினார்.

"என்ன பண்றே டீச்சர்?"

"மெதுவாப் பேசுங்க. டாக்டர் முன்னாடி தள்ளாடிக்கிட்டா நிக்கச் சொல்றீங்க?"

"பார்த்து எழுதின பிள்ளைங்களை பெஞ்சு மேல ஏத்தினவதானே நீ!"

டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. "நான் எதுலயும் ஃபெயிலானதே இல்லைங்க" என்றார். கண் கலங்கிவிட்டது. அடடா, இந்தப் பாவியின் வாய்க்கு ஏன் இந்த வேகம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார் டைம்கீப்பர்.

ஆனாலும் உள்ளே போனதும் உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டர் கோபப்படவில்லை.

"நீங்க நல்லா இருக்குற நேரத்தை மட்டும் காட்டினா, நான் எப்படிம்மா அளவை மாத்துவேன்? எனக்கு உங்க பதினோரு மணிதான் வேணும்."

அதற்கு வழி கண்டுபிடித்தவர் டீச்சர்தான். இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். மணிக்கு ஒரு வரி: 'நான் நலமாக இருக்கிறேன்.' எட்டு மணி வரியில் எழுத்துகள் இரண்டு கோட்டையும் தொட்டு நின்றன. பத்து மணிக்குக் குறுகின. பதினோரு மணி வரியில் 'நலமாக' என்ற சொல் எறும்பு அளவுக்குச் சிறுத்துப் பாதியில் நின்றிருந்தது.

இரண்டு வாரம் எழுதிய அந்த நோட்டை டாக்டர் நெடுநேரம் புரட்டினார். ஒவ்வொரு வேளைக்கும் அளவைச் சற்றுக் குறைத்து, மூன்று வேளையை ஐந்தாக்கினார். காலை பத்து மணிக்குப் புதிதாக ஒன்று. "ஒரேயடியா கூட்டினா உடம்பு தன்னால ஆட ஆரம்பிச்சுடும். கொஞ்சம் கொஞ்சமா பார்ப்போம்" என்றார். முதல் மாற்றத்தில் தலைசுற்றல் வந்தது, மறுபடி மாற்றினார். டைம்கீப்பர் தினமும் டிப்போவிலிருந்து பத்து மணிக்குப் போன் அடித்து நினைவுபடுத்தினார்.

ஆறாவது வாரம் ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. பதினோரு மணிக்கு எதிரே வழக்கமான வரி இல்லை. இரண்டு கோட்டையும் தொட்டு, முத்து முத்தாக எழுதியிருந்தது: 'தபால்காரருக்கு நானே கதவைத் திறந்தேன்.' அதன்கீழே இன்னொரு வரி: 'இன்று டைம்கீப்பர் போன் மூன்று நிமிடம் தாமதம்.'

"படிச்சாச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "படிச்சதும் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தார். தாமதம் என்ற வரிக்குக் கீழே, இரண்டு கோட்டையும் தொடும்படி கையெழுத்துப் போட்டார்.